ஆடாதது கம்பம், ஆடுவது பனி

கொட்டும் பனியில் கார் ஓட்டுகிறவனுக்கு முதல் எதிரி பனியல்ல, அவனுடைய சொந்த விளக்குத்தான். வெளிச்சத்தை எவ்வளவு கூட்டுகிறானோ அவ்வளவுக்குக் கண் முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பும். ஒவ்வொரு பனித்துகளும் தனக்குக் கிடைத்த வெளிச்சத்தை ஓட்டுகிறவன் முகத்திலேயே திருப்பி எறியும். குறைத்தால் வீதி தெரியாது. கூட்டினால் பனியைத் தவிர வேறெதுவும் தெரியாது. இருதலைக்கொள்ளி எறும்பாகத்தான் வடநோர்வேயின் சனங்கள் காலம் காலமாகக் குளிர்காலத்தைக் கடந்து வந்தார்கள்.

அந்தச் சுவரை இடித்தவள் சுகிர்தா. அவள் ஒருத்திதான் என்று சொன்னால் விளக்குக் கம்பனியில் அவளோடு வேலை செய்த மற்றவர்கள் கோபிப்பார்கள். ஆனால் எது பனி, எது பனியில்லை என்று விளக்குக்குப் படிப்பித்தவள் அவள்தான். அதில் யாரும் பங்கு கேட்க முடியாது. பின்னால் கேட்கவும் இல்லை.

வேலை தொடங்கிய காலத்தில் அவளுடைய கணவன் குணசீலன் அவளைச் சீண்டாத நாள் இல்லை.

"பழைய பல்ப் எண்டா தன்ர சூட்டிலயே கண்ணாடியில விழுற பனியை உருக்கிப்போடும். உம்மட எல்.இ.டிக்குத்தான் சூடு சுரணை ஒண்டும் கிடையாதே. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறங்கித் துடைக்க வேண்டிக் கிடக்கு" என்பான்.

"கண்ணாடிக்குள்ள சூட்டுக்கம்பி வைக்கிறது பெரிய வேலை இல்லையப்பா. அதைச் செய்தாச்சு. இது வேற. ஒரு விளக்குக்குள்ள ஆயிரக்கணக்கில சின்னச் சின்ன விளக்கு. பக்கத்தில ஒரு கமரா. அது ஒரு துகள் விழுறதைக் கண்ட உடன, அந்தத் துகளில படுற விளக்கை மட்டும் அணைக்கும். துகள் போன உடன திருப்பிப் போடும். கண் இமைக்கிறதுக்குள்ள எத்தினையோ தரம்."

"அப்ப பனி?"

"பனி விழும். வெளிச்சம் அதில படாது. அதால உங்களுக்குத் தெரியாது."

"இருக்கும், ஆனா தெரியாது. கடவுள் மாதிரி எண்டு சொல்லும்."

கடவுளை விடவும் வேகமாக அந்த விளக்கு நாட்டில் பரவியது. நாலு குளிர்காலத்துக்குள் அவர்களுடைய ஊரான ஸ்டைன்விக்கில் அது இல்லாத கார் இல்லை என்றாகிவிட்டது. கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் சின்ன ஊர் அது. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி முடியும்வரை எட்டிப் பார்க்காது. மத்தியானமும் இரவு மாதிரித்தான். அந்த இருட்டிலும் பனிப்புயலிலும் சனங்கள் கோடைகாலத்தில் போவதுபோலக் கார் ஓடினார்கள். முன்பெல்லாம் புயல் வந்தால் மலைப்பாதையின் குறுக்கே தடுப்பு விழும். பனி தள்ளும் வண்டி முன்னால் போக, கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோவில் தேருக்குப் பின்னால் போவதுபோல ஊர்ந்து போகும். அந்த வழக்கமும் நின்றது. குளிர்கால வீதிச் சாவுகள் பாதியாகக் குறைந்தன. ஊர்த் தமிழ்ச் சங்கம் சுகிர்தாவைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியது. நோர்வேயில் பொன்னாடை குளிருக்கும் உதவாது. ஆனாலும் அவள் அதைப் பத்திரமாக மடித்து வைத்தாள். பெருமை யாரைத்தான் விட்டது.

ஐந்தாவது குளிர்காலத்தில், ஒரு ஜனவரி மத்தியானம், குணசீலனின் தொலைபேசி அழைப்பு வந்தது. அவன் வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு மருந்து கொடுக்கும் தாதி. அந்த வேலைக்குக் கார்தான் கால்.

"சுகி, நான் ஜெசிந்தா அக்காவை அடிச்சுப்போட்டன்."

அவன் சொன்ன விதத்தில் அது காரால் அடித்தது என்று அவளுக்கு உடனே விளங்கியது.

"உயிர் இருக்கோ?"

"இருக்கு. கால் நசிஞ்சு போச்சு. ஹெலிகொப்டரில கொண்டு போயிட்டினம்."

"எப்பிடியப்பா?"

"தெரியேல்ல. றோட்டு வெறுமையாக் கிடந்தது. வெறும் றோட்டில இருந்து சத்தம் வந்தது."

ஜெசிந்தா அக்கா குருநகரிலிருந்து வந்தவள். மீன் தொழிற்சாலையில் இருபது வருசத்துக்கு மேலாகக் கொட் மீன் வெட்டுகிறவள். லைசென்ஸ் எடுக்கவில்லை, எடுக்கும் எண்ணமும் இல்லை. வேலை முடிந்தால் நடந்துதான் வீட்டுக்குப் போவாள். ஊரில் அவளைத் தெரியாத தமிழர் இல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு எல்லா வீட்டுக்கும் பலகாரம் கொடுத்து அனுப்புகிற கை அது.

பொலிஸ் இரண்டு தரம் வந்தது. மரியாதையாகத்தான் கதைத்தார்கள். முந்திய காலமென்றால் பனி மறைத்தது என்று சொல்லலாம், நீதிமன்றமும் தலையாட்டும். இப்போது அது எடுபடாது. விளக்கு சரியாக வேலை செய்தது, வீதி தெளிவாகத் தெரிந்திருக்கும், ஆகவே நீ பார்க்கவில்லை. அவர்களுடைய கணக்கு அவ்வளவுதான். லைசென்ஸைப் பறித்தார்கள். கவனயீனமாக ஓட்டி ஒருவரை முடமாக்கியது என்று வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு அவனுக்கு எதிராக வந்தால் சிறை. வெளியே வந்த பிறகு வேலையும் இல்லை.

ஆனால் குணசீலனை அரித்தது அது இல்லை.

"கார் ஓடேக்க நித்திரை தூங்கினீங்களோ?" என்று மூன்றாம் நாள் சுகிர்தா கேட்டாள்.

அவன் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றான். திரும்பவில்லை.

"ஃபோனைப் பாத்தீங்களோ? பாத்திருந்தாலும் சொல்லுங்கோ. எனக்குச் சொல்லலாம்தானே."

"நீர் என்னை நம்பேல்ல."

"நம்பேல்ல எண்டு நான் சொன்னனானோ?"

"அந்த விளக்கை நம்புறீர். ரெண்டையும் நம்ப ஏலாது, சுகி."

உண்மையைச் சொன்னால், கட்டின புருஷனைவிடத் தான் செய்த விளக்கைத்தான் அவள் நம்பினாள். விளக்கை அவள் எத்தனையோ புயல்களில் சோதித்துப் பார்த்தவள். மனுசனை யார் சோதித்துப் பார்த்துக் கட்டுகிறார்கள்? அதைவிடக் கொடுமை, கொஞ்ச நாளில் அவனும் விளக்கின் பக்கம் சாய்ந்துவிட்டான். "கண் அயர்ந்திருப்பன்போல" என்று தானாகவே சொல்லத் தொடங்கினான். செய்யாத குற்றத்தை ஒரு மனிதன் தன் மேல் மெல்ல மெல்ல உடுத்திக்கொள்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது செய்யாத குற்றம் என்று அப்போது அவளுக்கும் தெரியாது.

ஜெசிந்தா அக்காவைப் பார்க்க அவள் பெரிய பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு போனாள். முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. சுகிர்தா அதைப் பார்க்காமலிருக்க முயன்று அதையே பார்த்தாள்.

"அழாதையும் பிள்ளை. போனது கால்தானே, நாக்கு இல்லையே. இஞ்சத்தைச் சாப்பாட்டை வாயில வைக்க ஏலாது. அந்தச் சொதியை இஞ்சால தாரும்."

பாதி சாப்பிட்டதும் அவள் கரண்டியை வைத்தாள்.

"தம்பியில எனக்குக் கோபம் இல்லை. ஆனா ஒண்டு விளங்கேல்ல. நான் கார் வாறதைத் தூரத்திலயே கண்டனான். ஒதுங்க இடமில்லை, ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்குப் பனி. அதான் கோட்டில தொங்கின ரிஃப்ளெக்டரைக் கையில பிடிச்சு நல்லா ஆட்டினனான். இந்த நாட்டுக்கு வந்த முதல் கிழமையே இவையள் சொல்லித் தந்தது அதுதானே? இருட்டில ரிஃப்ளெக்டர் இல்லாமல் வெளிக்கிடாதேங்கோ, வெளிச்சம் பட்டு அது மினுங்கி ஆடினா டிரைவருக்குத் தெரியும் எண்டு."

"ஓம் அக்கா."

"ஆட்ட ஆட்ட வெளிச்சம் என்னை விட்டு விலகிப் போச்சு. என்னைச் சுத்தி மட்டும் இருட்டு. கண் கூசவே இல்லைப் பிள்ளை. நேர வாற காரின்ர வெளிச்சம் கண் கூசாதோ?"

அக்காவிடம் என்ன சொல்லிவிட்டு எழுந்தாள் என்று பிறகு சுகிர்தாவுக்கு ஞாபகமில்லை.

அவள் விளக்குக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. வீதி ஓரம் நெடுக நட்டிருக்கும் கம்பங்களிலும் ஒளி திருப்பும் பட்டி ஒட்டியிருக்கும். அவற்றை விளக்கு பனியென்று நினைத்து மறைத்தால் வீதியின் கரை தெரியாமல் போய்விடும். ஆகவே அவள் ஒரு விதி வைத்தாள். பளிச்சென்று தெரிந்து ஆடாமல் நிற்பது கம்பம், அதை விட்டுவிடு. பளிச்சென்று தெரிந்து ஆடுவது பனி, அதை மறை. எவ்வளவு பளிச்சென்று தெரிகிறதோ அவ்வளவு கிட்ட வந்த துகள், ஆகவே அவ்வளவு அகலமாக மறை. கேட்டால் யாரும் சரியென்றுதான் சொல்வார்கள்.

பாடத்துக்கு வேண்டிய பனியை அவள் கமராவில் பிடித்துச் சேர்த்தது மலைப்பாதையில். தடுப்பு விழுந்த பிறகு, பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்த வரிசையில், மூன்று குளிர்காலம். அதைவிட நல்ல பனி வேறெங்கும் கிடைக்காது. அந்த வரிசையில் போகும்போது யாரும் காரை விட்டு இறங்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே பனியில் ஒரு மனிதர் நடப்பதை அந்த விளக்கு ஒருநாளும் கண்டதில்லை. கம்பத்தைக் கண்டது, பனியைக் கண்டது. உலகத்தில் அவை இரண்டும்தான் உண்டு என்று நம்பியது. ஆளைக் கண்டால் கத்தும் எச்சரிக்கைக் கருவி காரில் வேறாக இருந்தது. ஆனால் அதுவும் இதே வெளிச்சத்தில் பார்க்கிற கண்தான்.

வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக் கழற்றவில்லை.

"வெளிக்கிடுங்கோ" என்றாள்.

"எங்க?"

"கேக்காதேங்கோ. கோட்டைப் போடுங்கோ. ரிஃப்ளெக்டர் கட்டாயம் தொங்கவேணும்."

துறைமுகத்துக்குப் பின்னால் பாவனையில் இல்லாத ஒரு வீதி உண்டு. பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவனை நடந்து போகச் சொன்னாள். கூப்பிடு தூரம் வரைக்கும் போனான். அவள் காருக்குள் இருந்து விளக்கைப் போட்டாள். பனி மறைந்தது. துப்புரவான, அழகான, வெறும் வீதி. கரையோரக் கம்பங்கள் வரிசையாக மினுங்கின.

குணசீலன் இல்லை.

அவன் எங்கே நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தையே பார்த்தாள். இருட்டில் இன்னும் கொஞ்சம் இருட்டு, அவ்வளவுதான். தொலைபேசியில் "ஆட்டுங்கோ" என்றாள். "ஆட்டிக்கொண்டுதான் நிக்கிறன்" என்று அவன் குரல் கேட்டது. இன்னும் வேகமாக ஆட்டச் சொன்னாள். இருட்டு இன்னும் கொஞ்சம் அகலமானது.

"இப்ப அதைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ள போடுங்கோ."

வீதியின் நடுவில், நீலக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, அவளுடைய புருஷன் தோன்றினான். இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றான். கண் கூசுவதால் ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றான்.

அவள் காரைவிட்டு இறங்கி ஓடினாள். பாதி வழியில் வழுக்கி விழுந்து, எழும்பி, மறுபடியும் ஓடினாள்.

"நீங்கள் நித்திரை தூங்கேல்ல" என்றாள். அழுகையில் சொல் சரியாக வரவில்லை. "நீங்கள் தூங்கேல்லையப்பா. என்ர பிழை. உங்களைக் கேட்டனே, ஐயோ, உங்களைப் போய்க் கேட்டனே."

குணசீலன் அவளுடைய தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டான். அவனுக்கும் கண் கலங்கியது.

"நான் தூங்கேல்ல எண்டு எனக்கே இப்பத்தானே தெரியும்" என்றான்.

அடுத்த நாள் அவள் கம்பனியின் தலைவன் ஐனாரிடம் போனாள். ஐனார் கெட்டவன் இல்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபமாக முடிந்திருக்கும். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டான். துறைமுக வீதிக்குத் தானே வந்து, தானே ரிஃப்ளெக்டரை ஆட்டிப் பார்த்தான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"பொலிசுக்கு நான் எழுதுகிறேன். உன் கணவன் மேல் குற்றமில்லை" என்றான்.

"விளக்கை நிறுத்த வேண்டும்."

"எல்லாக் கார்களிலுமா?"

"எல்லாவற்றிலும். இன்றைக்கே."

ஐனார் யன்னல் வழியே வீதியில் போகும் கார்களைக் காட்டினான்.

"சுகிர்தா, இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்கு எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் பனி திரும்பி வரும். அதற்குள் ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிச்சம்? புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் பனியை வெளிச்சத்தில் கண்டதே இல்லை. நாடு முழுக்க வருசத்துக்கு நூறு பேர் செத்த இடத்தில் இப்போது ஐம்பது பேர். தப்பிய மற்ற ஐம்பது பேரை நீ போய்க் கொல்வாயா?"

"இப்போதும் சாகிற ஐம்பதில் எத்தனை பேர் நடந்து போனவர்கள்?"

அதை யாரும் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. பின்னால் பார்த்தபோது பாதிக்கு மேல் என்று தெரிந்தது. அவர்கள் மேல் காரை ஏற்றியவர்கள் சிலர் சிறையில் இருந்தார்கள். கண் அயர்ந்துவிட்டேன் என்று அவர்களில் ஒருவன் ஒப்புக்கொண்டும் இருந்தான்.

"திருத்தலாம்" என்றான் ஐனார். "ஆனால் காற்றில் சுழலும் துகளையும் ஆடும் ரிஃப்ளெக்டரையும் பிரித்துக் காட்ட இன்னும் இரண்டு குளிர்காலம் வேண்டும். அது உனக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

சிறையிலிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். குணசீலனின் வழக்கும் தள்ளுபடியானது. அரசாங்கம் கூடி ஆராய்ந்து இரண்டு முடிவு எடுத்தது. ஒன்று, பனி மறைப்பதை வேண்டாதவர்கள் நிறுத்திவைக்க ஒவ்வொரு காரிலும் ஒரு பொத்தான். மற்றது, பனி கொட்டும்போது நடப்பவர்கள் ரிஃப்ளெக்டரைக் கழற்றிவிட வேண்டும் என்ற அறிவித்தல். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். பிழை விளக்கில், புத்திமதி நடக்கிறவனுக்கு. பால்குடி மறந்த நாளிலிருந்து ரிஃப்ளெக்டர் தொங்க வளர்ந்த சனம் ஓர் அறிவித்தலில் அதைக் கழற்றிவிடுமா? பொத்தானையாவது அமத்தியவர்கள் யாரென்று சுகிர்தா விசாரித்துப் பார்த்தாள். தெரிந்தவர்களில் ஒருவரும் இல்லை.

அடுத்த டிசம்பரில், செயற்கைக் கால் பொருத்தி நடை பழகி முடித்த ஜெசிந்தா அக்காவை வீட்டுக்குக் கூட்டிவர இருவரும் பட்டணத்துக்குப் போனார்கள். காலை நீட்ட வசதியாக அக்காவை முன்னால் இருத்தினார்கள். சுகிர்தா பின்னால். குணசீலன் ஓட்டினான். அந்த விபத்துக்குப் பிறகு அவன் பனியில் கார் ஓட்டியது அதுவே முதல் தடவை.

மலை இறங்கும்போது பனி பிடித்துக்கொண்டது. குணசீலன் பனி மறைப்பை நிறுத்தும் பொத்தானை அமத்தினான்.

வெள்ளைச் சுவர் எழும்பியது. வீதி இல்லை, கம்பங்கள் இல்லை, காரின் மூக்கும் இல்லை. துகள்கள் கண்ணை நோக்கிப் பாய்ந்து வந்தன. கார் ஒரு பக்கம் இழுபட்டது. அவன் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த கார் மயிரிழையில் ஒதுங்கிப் போனது.

"தம்பி! ஒண்டும் தெரியேல்ல தம்பி! மாதாவே!" என்று அக்கா கத்தினாள். "அதைப் போடுங்கோ!"

"அக்கா, மெல்லமாப் போவம்" என்றாள் சுகிர்தா. "நடக்கிற வேகத்தில."

"வேண்டாம் பிள்ளை. எனக்குப் பயமாக் கிடக்கு. போடச் சொல்லும்."

குணசீலன் பொத்தானை மறுபடி அமத்தினான். பனி மறைந்தது.

துப்புரவான வீதி கீழே ஊர்வரைக்கும் வளைந்து வளைந்து இறங்கியது. தூரத்தில் துறைமுகத்து விளக்குகள்கூடத் தெரிந்தன. இருபது வருசமாகக் குனிந்த தலையோடு புயலுக்குள் நடந்தே பழகிய ஜெசிந்தா அக்கா, தன் ஊரின் பனிக்காலத்தை முதல் தடவையாகக் காருக்குள்ளிருந்து பார்த்தாள். வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"எவ்வளவு வடிவு" என்றாள் மெல்ல. கொஞ்ச நேரம் கழித்து, "அண்டைக்கு இதுக்குள்ள இருந்திருந்தா என்னை நானே கண்டிருக்கமாட்டன் தம்பி" என்றாள்.

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுகிர்தாவுக்குத் தாங்கவில்லை. கால் போனவளே வேண்டாமென்று சொன்ன பிறகு வேறு யாரிடம் போய்ப் பொத்தானை அமத்தச் சொல்வது? வீதி வெறுமையாகத் தெரிந்தது. அது வெறுமையாக இருக்கிறதா என்று அந்தக் காரில் இருந்த மூவருக்கும் தெரியாது.

கார் ஊருக்குள் நுழைந்தது. குணசீலன் வேகத்தைக் குறைத்தான். பிறகு ஹோர்னில் கையை வைத்து ஓங்கி அடித்தான்.

அந்த நாட்டில் ஹோர்ன் அடிப்பது ஒருவரை முகத்துக்கு நேரே ஏசுவதற்குச் சமம். குணசீலன் முப்பது வருசத்தில் இரண்டு தரம் அடித்திருப்பான், இரண்டு தரமும் மன்னிப்புக் கேட்டிருப்பான். இப்போது யாழ்ப்பாணம் பருத்தித்துறை பஸ்காரனைப்போல விட்டு விட்டு அடித்தான். வீடுகளில் திரைச்சீலைகள் விலகின. சுகிர்தாவுக்குக் காது கூசியது.

"என்னப்பா இது?"

அவன் அடித்துக்கொண்டே ஊர்ந்தான்.

நூலகத்தடி வளைவில் வெறும் வீதி அவர்களை ஏசியது.

குணசீலன் பிரேக்கை அமத்தினான். கார் வழுக்கி, முனகி, நின்றது. அதன் மூக்குக்கு முன்னால், கிட்டத்தட்டத் தொட்டுவிடும் தூரத்தில், நூலக யன்னலின் மங்கல் வெளிச்சத்தில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு மனிதன் வெளிப்பட்டான். கோட்டின் இரண்டு பக்கமும் ரிஃப்ளெக்டர் தொங்கி ஆடியது. ஒரு கையில் நாயின் கயிறு. மற்றக் கையை ஓங்கிக்கொண்டு, நாகரிகமில்லையா, காட்டிலிருந்தா வந்தீர்கள், மனிதர் நடக்கிற வீதியில் என்ன சத்தம் இது என்று நோர்வேஜிய மொழியில் பொரிந்து தள்ளினான். முகம் சிவந்து கிடந்தது. நாயும் சேர்ந்து குரைத்தது.

குணசீலன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தான். அவனுடைய முதுகு குலுங்குவதைச் சுகிர்தா பின்னாலிருந்து பார்த்தாள். அவள் கையை நீட்டி அவன் தோளைப் பிடித்தாள்.

"ஏசட்டும் தம்பி" என்றாள் ஜெசிந்தா அக்கா. "நல்லா ஏசட்டும். நீங்கள் அடிச்சுக்கொண்டே போங்கோ."